சாக்ஸபோனில் ஜி-யிலிருந்து பி ஃபிளாட் போகும்போது நடுவில் ஏ கேட்கிறதா? பிஸ் கீ பழகுங்கள்

பி ஃபிளாட்டுக்கு வலது கையால் அழுத்தும் பக்கவாட்டு கீயை விட்டுவிட்டு பிஸ் கீ பிடியுங்கள். இடது ஆள்காட்டி விரலின் நுனி பி கீயிலும் அதன் கீழுள்ள சின்ன பொத்தானான பிஸ் கீயிலும் சேர்ந்து பட வேண்டும். அது அப்படியே இருக்கட்டும். ஜி-யிலிருந்து இடது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டை மட்டும் எடுத்தால் பி ஃபிளாட் வரும்.

பக்கவாட்டு கீயில் நடுவே அந்த 'ஏ' வருவதற்குக் காரணம், இடது மோதிர விரல் எழுந்த பிறகே வலது கை பக்கவாட்டு கீயை அழுத்துவதுதான். இரண்டு கையும் ஒரே நொடியில் அசைய வேண்டும்; ஆரம்பத்தில் அது எல்லோருக்கும் கஷ்டம்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து இரண்டு வழியிலும் ஜி, பி ஃபிளாட் மாறி மாறி வாசித்துப் பாருங்கள். பிஸ்ஸில் 'ஏ' மறைந்தால் சிக்கல் விரலில்தான். அப்புறம் ஒன்று: பிஸ்ஸைத் தொட்டதும் ஜி முன்பைவிடத் தெளிவாக ஒலித்தால், பிஸ் கீயின் பேட் (துளையை மூடும் மெத்தை) தானாகச் சரியாக மூடவில்லை. பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பி ஃபிளாட்டும் பி நேச்சுரலும் அடுத்தடுத்து வரும் இடத்தில் மட்டும் பிஸ் வேண்டாம். விரலைச் சறுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடாது. அங்கே பக்கவாட்டு கீதான் சரி.