அம்மாவின் ஊட்டிப் பேருந்துப் பயணம் – பதில்

மூட்டுவலியுள்ள தங்கள் அம்மா கோத்தகிரியிலிருந்து ஊட்டி மருத்துவமனைக்குப் பேருந்தில் செல்ல அஞ்சுவதாகவும், சென்னையில் வாங்கிய மூத்தோர் இலவசப் பயண டோக்கன் இங்கே செல்லுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த டோக்கன் சென்னை மாநகரப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியது. ஆனால் மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைப் பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டதால், அது அந்த வண்டிக்குப் பொருந்துமா என்று ஏறுமுன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான தொல்லை படிதான். சரிவான சாலையோரத்தில் பள்ளத்துப் பக்கம் நிற்பவருக்கு முதற்படி இன்னும் உயர்ந்துவிடுவதால், சற்று அலைய நேர்ந்தாலும் பேருந்து நிலையத்திலேயே ஏற்றிவிடுங்கள். ஏறும்போது வலியில்லாத காலையும் இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வைக்க வேண்டும், இரு கைகளும் கம்பியைப் பிடிக்கும்படி மருந்துச்சீட்டும் குடையும் (நீலகிரியில் குடையில்லாமல் யார் கிளம்புவார்?) தோள்பையில் இருக்கட்டும். வளைவுகளில் தலைசுற்றலைக் குறைக்க முன்பக்க இருக்கை நல்லது. வண்டி முழுதாக நின்ற பிறகே எழச் சொல்லுங்கள்.