ஆலங்கண்டைக் குட்டையாக்க அவசரப்படாதேங்கோ

கேள்வி: அண்ணை வணக்கம். எங்கட கிணத்துக்கட்டு வெடிப்புக்குள்ள முளைச்ச ஆலங்கண்டு ஒண்டை ரெண்டு வருசத்துக்கு முன்னம் கிளப்பி பொன்சாய்ச் சாடியில வச்சனான். இப்ப ஒண்டரை அடி உயரம், ஆனா அடியும் நுனியும் ஒரே பென்சில் மொத்தத்தில நேர நிக்குது. போன மாசம் நுனியை வெட்டிப்போட்டு, வளைவு வரட்டும் எண்டு கம்பியும் சுத்தினன். இப்ப வெட்டின இடத்தில நாலு கொழுந்து ஒண்டா வருது, கம்பி பட்டைக்குள்ள இறங்குது. இனி என்ன செய்யிறது?
வாசகி, கோப்பாய்

பதில்: தங்கச்சி, முதல்ல இண்டைக்கே அந்தக் கம்பியை எடுங்கோ. சுத்தைத் திருப்பி அவிழ்க்கப் போகாதேங்கோ, பட்டை உரிஞ்சு வரும், கட்டரால துண்டு துண்டா வெட்டி எடுங்கோ. தழும்பு இருக்கும்தான், மரம் மொத்திக்க மொத்திக்க அது மங்கிப்போகும், கவலைப்படாதேங்கோ.

நாலு கொழுந்து வந்தது நல்ல குணம். நுனிக்கொழுந்தில ஊறுற ஒக்சின் எண்ட சாமான்தான் கீழ இருக்கிற மொட்டுகளை அடக்கி வச்சிருக்கும், நுனி போனவுடன அதுகள் முழிச்சிடும். ஆனா நாலையும் விட்டால் அந்த இடம் கழலை மாதிரி வீங்கி பிறகு வடிவே கெட்டுடும், அதால மேல போறதுக்கு ஒண்டும் பக்கத்துக்கு ஒண்டும் வச்சிட்டு மற்ற ரெண்டையும் கிள்ளி விடுங்கோ. பால் வடியும், தண்ணி தெளிச்சால் நிக்கும், கையில பட்டால் கழுவிப்போடுங்கோ.

இனித்தான் முக்கியமான கதை. நீங்கள் கண்டைச் சின்னச் சாடியில வச்சு வெட்டி வெட்டிக் குட்டையாக்கப் பாக்கிறியள், கனபேர் செய்யிறது இதுதான், எனக்கு உண்மையா மனவருத்தமா இருக்கும். அடிமரம் மொத்திக்கிறதே இலை கனக்க இருந்தால்தான், இலையையும் வெட்டி வேரையும் நெருக்கினால் பத்து வருசமானாலும் பென்சில் பென்சிலாத்தான் நிக்கும். அதால அதைப் பெரிய சாடிக்கு மாத்துங்கோ, இல்லாட்டி வளவில நல்ல வெயில் படுற இடத்தில நிலத்திலயே வச்சு விடுங்கோ, உங்கட ஊர்ச் செம்மண்ணில கெதியா எழும்பும். வைக்கேக்க நேர கீழ போற ஆணிவேரைக் கட்டையாக்கி, பக்கவேர் நாலாபக்கமும் விரிய விடுங்கோ. அடியில வாற கொப்பை வடிவில்லை எண்டு வெட்டாதேங்கோ, அடியை மொத்திக்க வைக்கிறது அதுதான், வேலை முடியப் பிறகு எடுக்கலாம்.

அடி ரெண்டு விரல் மொத்தத்துக்கு வந்த பிறகுதான் பெரிய வெட்டு. 6 அங்குலம் அளவில, ஒரு பக்கக் கொப்புக்குக் கொஞ்சம் மேல தறிச்சால் அந்தக் கொப்பே புது நுனியா எழும்பும், அப்பதான் அடி பெருத்து மேல சிறுக்கிற அந்த ஆலமரத் தோற்றமும், கம்பி இல்லாமலே ஒரு வளைவும் வரும். ஆல் வெட்டின இடத்தில இருந்து கொஞ்சம் கீழ காயும், அதுக்காக மேல ஒரு சின்னக் கட்டை மிஞ்ச விட்டு வெட்டுங்கோ. இப்பிடிப் பெரிசா வெட்டுறதை மாரி தொடங்கேக்க வச்சுக்கொள்ளுங்கோ, சோளகம் அடிக்கேக்க வேண்டாம், அந்தக் காத்தில சாடி மண் ஒரு பகலுக்குள்ள காஞ்சுபோகும்.

கொப்புகளுக்கு 6, 8 இலை வர விட்டு ரெண்டு மூண்டுக்கு வெட்டி வாங்கோ, கணுவுக்குக் கணு பிரிஞ்சு இலையும் சிறுக்கும். ஆலிலை பெரிசு, அதால ஒரு சாண் மரமா வச்சிருக்க ஆசைப்படாதேங்கோ, ஒண்டரை ரெண்டு அடியில நிண்டால்தான் அது மரமாத் தெரியும். கம்பி இனிக் கொப்புகளுக்கு மட்டும் போதும், அலுமினியம்தான் நல்லது, கொப்பு மொத்தத்தில மூண்டில ஒரு பங்கு கம்பி, 45 பாகையில சாய்ச்சுச் சுத்திப்போட்டு கிழமைக்கு ஒருக்கா கிட்ட நிண்டு பாருங்கோ.