கத்திக்கு எமன் அதன் உறைதான்

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சின்னத் தரை வீடு. இள வயதிலிருந்தே கத்தி சேர்க்கும் பழக்கம் உண்டு. அப்பா ரப்பர் மரம் சீவிய பால்வெட்டுக் கத்தியில் தொடங்கி, காடு வெட்டும் பாராங், கோலோக், மலாய்க் குறுவாளான கெரிஸ் இரண்டு, நண்பர் தந்த நேப்பாள வளைகத்தியான குக்ரி, மடக்குக் கத்திகள் என்று 40க்கு மேல் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, உறையில் போட்டு, துணி சுற்றி மர அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்படியும் துருப்பிடிக்கிறது. தோல் உறையில் இருப்பவைதான் ரொம்ப மோசம். இதற்கிடையில் மருமகள், "நாலு வயசுப் பையன் வந்து போகிற வீட்டில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறாள். என்ன செய்யலாம்? அப்பா கத்தியின் பிடி ஆடுகிறது. புதுப்பிடி போட்டுவிடலாமா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, முதலில் மருமகள் பக்கம் பேசிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நாலு வயதுப் பையனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறத் தெரியும். தாத்தா சாவியை எங்கே வைப்பார் என்பதும் தெரியும். அதனால் 'உயரத்தில்தான் வைத்திருக்கிறேன்' என்ற பேச்சு எடுபடாது. பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்று வாங்கிச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்குங்கள். சாவி உங்கள் கைவசம் இருக்கட்டும். கண்ணாடிக் கதவு வேண்டாம், கண்ணில் பட்டதைக் கை தேடும். இதைச் செய்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

இனி துரு. உங்கள் கத்திகளைக் கெடுத்தது அலட்சியம் இல்லை, பத்திரம்தான். தோலைப் பதப்படுத்தும்போது சேர்க்கிற அமிலமும் உப்பும் உறைக்குள்ளேயே தங்கிவிடும். போதாததற்குத் தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கத்தியை அணைத்தபடி கிடக்கும். பித்தளைப் பூண் உள்ள கத்தியென்றால், தோல் படுகிற இடத்தில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒன்று வந்திருக்குமே, அதுவும் இந்த உறவால்தான். உறை என்பது கத்தியை வெளியே எடுத்துப்போகத்தான். வீட்டில் கத்தி தனியாகவும் உறை தனியாகவும் இருக்கட்டும். எது எதற்கு என்று குழம்பாமலிருக்க இரண்டிலும் ஒரே எண் எழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள்.

கெரிஸ் மட்டும் இதற்கு விலக்கு. அதன் உறை மரம், அதற்குள்ளேயே வைக்கலாம். ஆனால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். கெரிஸின் வரிகள் எடுப்பாகத் தெரிவதற்குப் பாரம்பரியமாக எலுமிச்சைச் சாற்றோடு ஆர்சனிக் கலந்து பூசுவார்கள். தேய்த்தால் வரியும் போகும், விஷமும் கையில் ஒட்டும். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். துரு அதிகமாக இருந்தால் கெரிஸ் பராமரிக்கத் தெரிந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

சுற்றி வைத்த துணியையும் எடுத்துவிடுங்கள். இரும்பு நன்றாகத் துருப்பிடிக்கக் காற்றில் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினால் போதும். நம் ஊரில் சாதாரண நாளிலேயே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஏப்ரல், அக்டோபர் மழையில் கேட்கவே வேண்டாம். இதில் துணியும் பழைய பேப்பரும் ஈரத்தைப் பிடித்து வைக்கிற பஞ்சு மாதிரிதான். தாத்தாவின் பாராங்கை நாளிதழில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தவன் நான். செய்தியின் எழுத்து இரும்பில் தலைகீழாகப் பதிந்திருந்தது. அரிசிக்குள் புதைத்து வைப்பதும் சிலர் பழக்கம். அதனால் வண்டுக்குத்தான் லாபம்.

எண்ணெய் தடவினேன் என்கிறீர்கள், எந்த எண்ணெய் என்று எழுதவில்லையே. தேங்காய் எண்ணெயாக இருந்தால் நாளாக ஆகக் காறிப்போகும். மற்ற சமையல் எண்ணெய்கள் பலவும் பிசின் போல இறுகிவிடும். லாரியில் வடித்த கறுப்பு எண்ணெயைத் தடவுகிற பழக்கம் தோட்டத்தில் நிறையப் பேருக்கு உண்டு. அதில் அமிலம் சேர்ந்திருக்கும், விட்டுவிடுங்கள். டபிள்யூ டி 40 ஈரத்தை விரட்டத்தான் செய்யப்பட்டது. அந்த 'டபிள்யூ டி'க்குப் பொருளே நீரை விலக்குவது என்பதுதான். நீண்ட நாள் காவலுக்கு அதை நம்ப முடியாது. என் கணக்கில் தையல் மெஷின் எண்ணெயே போதும், சில வெள்ளிதான் (ரிங்கிட்) ஆகும். மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் தடவிவிட்டு, வேறு துணியால் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத படலம் நின்றால் சரி, வழிய வேண்டாம். கடைசியாக விரல் படக்கூடாது. வியர்வையின் உப்பு மறுவாரமே ரேகையோடு துருவாக வந்து நிற்கும்.

ஆயுத பூசை விஷயமும் உண்டு. சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்தி, 'சாமி கும்பிட்டது, துடைக்கக் கூடாது' என்று அப்படியே விட்டுவிடுகிறோம். முனியாண்டி கோயில் அரிவாளுக்கு அது அழகு. உங்கள் கத்திக்கு அது புள்ளி புள்ளியாகத் துரு. மறுநாள் காலையில் துடைத்து எண்ணெய் போடுங்கள், சாமி ஒன்றும் கோபிக்காது.

வைக்கிற பெட்டிக்கு வருவோம். ரப்பர் விளிம்போடு இறுக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்கிக் கத்திகளைப் பிரித்து வைத்து, அவற்றை இரும்பு அலமாரிக்குள் அடுக்குங்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணிகள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற பொட்டலம் போதாது, அரைக் கிலோ பையாக வாங்கிச் சின்னத் துணிப்பைகளில் கட்டிப் போடுங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கும், ஆரஞ்சு நிறம் நல்லது. நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழையபடி வேலை செய்யும். கத்தி முழுதாகக் காயாமல் மூடிவிட்டால் பெட்டிதான் ஈரத்தைச் சிறைப்பிடிக்கும், கவனம். காசு இருந்தால் கேமராக்காரர்கள் வைத்திருக்கிற மின்சார உலர்பெட்டி வாங்கி 45-50 விழுக்காட்டில் வைக்கலாம். அதற்குக் கீழே ரொம்ப இறக்கினால் மரப்பிடி வெடிக்கலாம். அலமாரியைக் குளியலறைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். உர மூட்டையோ, ரப்பர் பால் திரட்டுகிற ஆசிட் கலனோ இன்னும் வீட்டில் இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

சாம்பல், நீலச் சாயலில் படிந்திருப்பது துரு அல்ல, அது கத்திக்குக் காவல். செம்பழுப்பாக உதிர்வதை மட்டும் மிக மெல்லிய இரும்பு நாரும் எண்ணெயும் வைத்து எடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சேர்த்து வைத்த பாராங்கை யாருக்கோ காட்டவென்று மோட்டார் சைக்கிளில் செருகிக்கொண்டு போகாதீர்கள். மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டத்தில், தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. மடக்குக் கத்திகளில் பொத்தானை அழுத்தினால் பாய்கிற வகை ஏதாவது இருந்தால், அதைத் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அப்பாவின் கத்திக்குப் புதுப்பிடி வேண்டாம். இத்தனை வருடம் விடியற்காலையில் மரம் சீவிய கை அந்த மரத்தில் பள்ளம் போட்டிருக்கும், அதை எந்த ஆசாரியாலும் செதுக்க முடியாது. ஆடுவது மட்டும்தானே? பிடிக்குள் போகிற இரும்பின் துருவைச் சுரண்டிவிட்டு, மெல்லிய மூங்கில் சிராய் ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கொஞ்சம் எபாக்ஸி பசை. மற்றவை பெட்டிக்குள் போகட்டும், இதை மட்டும் ஆழமான கண்ணாடிச் சட்டத்தில் கம்பியால் கட்டி, பேரன் கையால் திறக்க முடியாதபடி மூடி, கூடத்துச் சுவரில் திருகாணி போட்டு மாட்டுங்கள். பேரன் அதைத்தான் பார்க்க வேண்டும்.