கேள்வி–பதில்: மரியாதைக்கு எத்தனை பாகை?

கேள்வி: பால் விடாத கோப்பி சுடச்சுடக் குடித்தால் ஒரு சுவை, ஆறினால் வேறு சுவை. ஒரே தூள், ஒரே கேத்தில். ஏன் இப்படி? வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பதுதான் மரியாதை என்கிறா மாமி. எந்தச் சூட்டில் கொடுப்பது சரி?
— ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: மரியாதையா? யாழ்ப்பாணத்தில் அதை வெப்பமானி வைத்து அளக்கும் பழக்கம் உண்டு என்பது உண்மைதான். சம்பந்தி வீட்டார் என்றால் 90 பாகை. கிராம சேவையாளர் என்றால் 80. கைமாற்றுக் கேட்டு வந்தவருக்குச் சட்டியடியில் மிஞ்சிக் கிடந்தது. வந்தவர் கோப்பையைப் பிடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் கூச்சப்பட்டு, கதிரை நுனியில் நெளிவார். அந்த நேரம் பார்த்துக் குசினி வாசலிலிருந்து குரல் வரும்: "குடியுங்கோ, ஆறப்போகுது." ஆறட்டும் அம்மா! அந்த மனிசன் அதற்காகத்தானே உங்கள் மகனின் படிப்பை மூன்றாம் தரமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

தூளில் விழும் தண்ணீர் 92 முதல் 96 பாகை வரை இருக்கவேண்டும். அது சாயம் இறங்குவதற்கான சூடு. வாய்க்கு வேண்டியது 60 பாகையை அண்டிய சூடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016 இல், 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்களை அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. 1991 முதல் சந்தேகப் பட்டியலில் கிடந்த கோப்பியை அதே கையோடு விடுவித்தது. மாமியிடம் இதைச் சொல்லும்போது கோப்பையைக் கையில் வைத்திருக்காதீர்கள்.

இனிச் சுவை. 70 பாகைக்கு மேல் நாக்குக்குத் தப்பிப் பிழைப்பதே வேலை. அந்தச் சூட்டில் நீங்கள் அனுபவிப்பது ஆவியோடு மூக்கில் ஏறும் வறுவல் வாசத்தைத்தான். 60க்கு வந்ததும் புளிப்புத் தலைகாட்டும். 50க்கும் 40க்கும் இடையில் கொட்டையின் சொந்த இனிப்பு, அப்படி ஒன்று இருந்தால், தெரியவரும். 30ஐ நெருங்கும்போது வாசம் மேலெழுவது குறைந்துபோகும். அதுவரை அதன் மறைவில் இருந்த கசப்பும் துவர்ப்பும் தனியே நிற்கும். இனிப்பை மூளைக்குச் சொல்லும் நாக்கின் நுண்கதவு ஒன்று 15 முதல் 35 பாகை வரை சூடு ஏற ஏறக் கூடுதலாகத் திறக்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் 2005 இல் காட்டினார்கள். ஐஸ் கோப்பிக்குச் சீனியை அள்ளிக் கொட்டவேண்டியிருப்பது இதனால்தான். கடைக்காரரின் தாராளத்தால் என்று நினைக்கவேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சுண்ணாம்புக்கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறதே, அதே உப்புகளால் கோப்பியின் புளிப்பை அமத்திவிடுகிறது. மலைநாட்டுத் தண்ணீரில் வார்த்தால் ஆறும்போது இதமான புளிப்பு வரும் தூள், இங்கே ஆறும்போது மொட்டையாகக் கசக்கும். பழி தூளின் தலையில் விழும்.

தூளின் தலையில் விழவேண்டிய பழியும் உண்டு. கோப்பி மில்காரர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருப்பதை நெடுநாள் வாசகர்கள் அறிவார்கள். "சுடச்சுடக் குடிச்சுப் பாருங்கோ" என்று சொல்லித் தூள் விற்பவரிடம் கவனமாக இருங்கள். சூடுதான் அவருடைய முக்கால்வாசி வியாபாரம். 10 கிராம் தூளுக்கு 150 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, நான்கு நிமிடம் மூடிவைத்து, துணியில் வடித்து, சீனி போடாமல் மூன்று தரம் குடியுங்கள்: ஆவி பறக்க ஒரு வாய், இளஞ்சூட்டில் ஒரு வாய், முற்றாக ஆறியபின் ஒரு வாய். கருக வறுத்த கொட்டை மூன்றாம் வாயில் சாம்பலாய்க் கசக்கும். பழந்தூள் நனைந்த காகித அட்டைபோல் மணக்கும். கொத்தமல்லியை அள்ளிப்போட்டு எடை கூட்டியிருந்தால் கோப்பியைத் தேடவேண்டிவரும். சுவைத்துத் தரம் பிரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். 71 பாகையில் தொடங்கி, 60இல் புளிப்பையும் கனத்தையும் பார்த்து, இனிப்பையும் துப்புரவையும் 37க்குக் கீழே இறங்கும்வரை பொறுத்திருந்து எடைபோட்டு, 21இல் நிறுத்துவார்கள்.

வேர்க்கொம்புக் கோப்பிக்கு மட்டும் கணக்கு வேறு. 43 பாகையைத் தாண்டினால் "சுடுகுது" என்று மூளைக்குக் கத்தும் உணரி, மிளகாய், மிளகு, இஞ்சி ஆகியவற்றின் காரத்துக்கும் அதே கத்தல்தான் கத்தும். அந்த உணரியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இஞ்சி காய்ந்து வேர்க்கொம்பாகையில் உறைப்பு இன்னும் ஏறும். ஆகவே அதை 55க்கு இறக்கியே கொடுங்கள்.

எப்படி இறக்குவது? தயவுசெய்து ஆற்றாதீர்கள். பால் கோப்பிக்கு ஆற்றுவது அழகு, நுரையும் வரும். வெறுங்கோப்பியை ஆற்றினால் வாசம் பக்கத்து வீட்டுக்குப் போகும், கசப்பு உங்களுக்கு மிஞ்சும். 10 கிராம் தூளை 120 மில்லிலீற்றர் தண்ணீரில் கட்டியாக வாருங்கள். 20ஐத் தூளே குடித்துவிடும். வடித்த நூறோடு கொதித்தாறிய நீர் 50 சேர்த்தால் சூடு உடனே 70க்கு வரும். தடித்த பீங்கான் கோப்பை தன் பங்குக்கு இன்னும் பத்துப் பாகை வரை விழுங்கும். வெப்பமானி இல்லாமலே 60.

பிளாஸ்க் கட்சியினர் உடனே பேனையை எடுப்பார்கள், தெரியும். பிளாஸ்க் சூட்டைக் காக்கும், கோப்பியைக் காக்காது. வறுக்கும்போது உருவான சேர்மங்கள் சூடான நீரில் மெல்லமெல்ல உடைந்து குயினிக் அமிலமாகும். அதுதான் இரண்டு மணித்தியாலம் கிடந்த கோப்பியின் கரடான புளிப்பு. அரை மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவேண்டாம். ஆறியதைத் திரும்பச் சுடவைப்பது அதைவிடப் பாவம். ஆறினதை ஆறினதாகவே குடியுங்கள். கசந்தால் உப்பு இரண்டே கல், கசப்பை அடக்கும்.

உங்கள் வீட்டில் மூக்குப்பேணி இருந்தால் 60 கூடக் கூடுதல். கோப்பையில் உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து வந்து சூட்டைத் தணிக்கும். பேணியின் மூக்கால் அண்ணாந்து ஊற்றினால் உறிஞ்சலும் இல்லை, தணிப்பும் இல்லை. அப்படியே அடிநாக்கில் விழும். 50 போதும். பித்தளைப் பேணி என்றால் உள்ளே வெள்ளீயப்பூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழப்புளி போட்டுத் தேய்த்தால் களிம்பு கழன்று பளபளக்கிறதல்லவா, கோப்பியும் புளிப்புச் சாமான்தான். பூச்சுப் போன பேணியில் விட்டால் அந்தக் களிம்பும் உலோக வாடையும் கோப்பியோடு உள்ளே போகும். பூச்சுப் போடுபவர் இப்போது ஊருக்கு ஒருவரும் இல்லை. அப்படி ஒருவர் அகப்படும்வரை பீங்கானில் குடியுங்கள்.