கிரவுண்டு பச்சையா இருக்கு, விழுந்தா சிமென்ட் மாதிரி இருக்கு

கேள்வி: எங்க ஸ்கூல் ஃபுட்பால் கிரவுண்டு பார்க்க பச்சைப்பசேல்னுதான் இருக்கு, ஆனா கோல்போஸ்ட் பக்கமும் கிழக்கு ஓரமும் விழுந்தா சிமென்ட் தரை மாதிரி இருக்குன்னு பசங்க சொல்றாங்க. ட்ரோன் விட்டு சென்சார் மேப் போட்டுத் தர்றோம்னு ஒருத்தர் கொட்டேஷன் குடுத்திருக்கார். வாங்கலாமா?
- பி.டி. மாஸ்டர் ஒருவர், திருச்சி

பதில்: அவசரப்படாதீங்க சார். ட்ரோன் பார்க்கிறது இலையை, உங்க பசங்க விழுறது மண்ணுல. நல்ல புல்லு சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிட்டு, நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், வாடுனா அது மாறும், அந்த வித்தியாசத்தைத்தான் என்டிவிஐ மேப்னு கலர் கலரா காட்டுவாங்க. அது தப்பு இல்ல, ஆனா பெர்முடான்னு பெரிய பேரு வச்சு விக்கிறாங்களே, அது நம்ம பிள்ளையாருக்கு சாத்துற அருகம்புல் இனம்தான், தண்ணி மட்டும் காட்டுனா கெட்டித்தரையிலயும் கொஞ்ச நாள் பச்சையா நின்னு ஏமாத்தும்.

உங்களுக்கு வேண்டியது ரெண்டு அளவு. ஒண்ணு ஈரம்: டிடிஆர் மீட்டரோட ரெண்டு கம்பியை மண்ணுல குத்துனா மின் அலை போய் வர்ற நேரத்தை வச்சு எத்தனை சதவீதம் தண்ணின்னு சொல்லிடும். இன்னொண்ணு கெட்டித்தன்மை: கிளெக் ஹேமர்னு ஒண்ணு, ஆஸ்திரேலியாவுல ரோடு போடுறவங்களுக்காக வந்த சாமான், 2.25 கிலோ எடையை 45 செ.மீ. உயரத்துலருந்து குழாய்க்குள்ள விட்டா எவ்வளவு வேகமா நின்னுச்சுன்னு நம்பர் காட்டும், நம்பர் கூடுனா தரை கெட்டி. அமெரிக்காவுல என்எஃப்எல்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் லீக் கிரவுண்டுல அது 100க்கு கீழ இருக்கணும். ஆனா ரொம்ப பொலபொலன்னு இருந்தாலும் வம்புதான், 2023 கிரிக்கெட் உலகக்கோப்பையில தரம்சாலாவுல ஆப்கானிஸ்தான் வீரர் முஜீப் சறுக்கினப்போ முட்டி புல்லுக்குள்ள சொருகுனது ஞாபகம் இருக்கா, ஐசிசி அந்த அவுட்ஃபீல்டுக்கு 'சுமார்'னுதான் மார்க் போட்டுச்சு.

இந்த ரெண்டையும் ஒரே இடத்துல, ஒரே நாள்ல எடுக்கணும், இதுதான் பல பேரு கோட்டை விடுற இடம். காய்ஞ்ச மண்ணு பெரும்பாலும் கெட்டியாத்தான் காட்டும். 105க்கு 68 மீட்டர் கிரவுண்டுல 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வச்சா 77 இடம் வரும், ஒவ்வொண்ணையும் ஜிபிஎஸ்ஸோட குறிச்சு கம்ப்யூட்டர்ல போட்டா மேப் ரெடி. சராசரியைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க, பக்கத்துப் பக்கத்துல எங்க திடீர்னு மாறுதுன்னு பாருங்க, ஓடுற பையனுக்கு கால் மடங்குறதுக்கு அந்த மாதிரி எல்லைதான் வசதி. வறண்ட பகுதி அரைவட்டமா இருந்தா ஸ்பிரிங்க்ளர் நாசில்ல மண்ணு அடைச்சிருக்கும், முதல்ல அதைக் கழட்டிக் கழுவுங்க. ஈரம் சரியா இருந்தும் கெட்டியா இருக்கா, கோல்போஸ்ட் முன்னாடி பெரும்பாலும் அப்படித்தான், அங்க மட்டும் ஹாலோ டைன் ஏரேட்டர், அதாவது மண்ணைக் குட்டிக் குட்டி உருளையா தோண்டி எடுக்கிற மெஷினை, ஓட்டி மணல் போட்டா போதும், முழு கிரவுண்டுக்கும் செலவு பண்ண வேண்டாம்.

கொட்டேஷன் குடுத்தவர்கிட்ட கிளெக்கும் ஈரமும் சேர்த்து எடுப்பீங்களான்னு கேளுங்க, முழிச்சா விட்டுடுங்க. அதுக்குள்ள ஒரு நீள ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கிட்டு ரெண்டு பசங்களோட கட்டம் கட்டமா குத்திப் பாருங்க, எங்க இறங்க மறுக்குதோ நோட்டுல எழுதுங்க. மழை பெஞ்ச மறுநாள் மட்டும் வேண்டாம், அன்னைக்கு எல்லா இடமும் வெண்ணெய் மாதிரி இறங்கும்.