காலண்டரைப் பார்த்த பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஆட்டிசம் உண்டு. துப்பறியும் கதை கையில் கிடைத்தால் சாப்பாடுகூட வேண்டாம் அவனுக்கு. மார்க் ஹேடன் எழுதிய 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட் டைம்' நாவலைக் கொடுக்கச் சொல்லி அவன் டீச்சர் சொன்னார். நான் முதலில் படித்தேன். கெட்ட வார்த்தைகளும் வீட்டுச் சண்டையும் வர, பாதியில் மூடிவிட்டேன். எங்கள் வீட்டு நிலைமையும் சரியில்லை. கணவரும் நானும் 8 மாதமாகப் பிரிந்திருக்கிறோம். அவர் உள்ளூரிலேயே அண்ணன் வீட்டில் இருக்கிறார். மகனிடம் 'அப்பா ஹைதராபாத்தில் வேலையாக இருக்கிறார்' என்று சொல்லிவைத்திருக்கிறோம். போன வாரம் வீடியோ காலில், "அப்பா, ஹைதராபாத்ல தமிழ் காலண்டரா மாட்டியிருக்காங்க?" என்று கேட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்தோம். இந்தப் புத்தகத்தை அவனுக்குக் கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, கொடுக்கலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம். கெட்ட வார்த்தைகளுக்காக அல்ல, அந்தக் காலண்டருக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் பாதியில் மூடிவிட்டதால் மீதியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்விண்டன் நகரத்துப் பையன் கிறிஸ்டோபர், 15 வயது. அக்கம்பக்கத்து நாயை யார் கொன்றது என்று துப்பறியப் புறப்படுகிறான். அம்மா மாரடைப்பில் இறந்துவிட்டதாக அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா பிடுங்கி வைத்த தன் நோட்டைத் தேடி அலமாரியைத் திறக்கும்போது, அவன் பெயருக்கு வந்த கடிதங்கள் கிடைக்கின்றன. எழுதியவர் அம்மா. உறையில் உள்ள அஞ்சல் முத்திரையின் தேதியோ, அம்மா 'இறந்து' 18 மாதம் கழித்து! அம்மா லண்டனில் வேறொருவருடன் உயிரோடு இருக்கிறார். உண்மை விளங்கியதும் பையன் கத்தவில்லை, வாந்தியெடுத்துக் கட்டிலில் சுருண்டுவிடுகிறான். நாயைக் கொன்றதும் தான்தான் என்று அப்பா ஒப்புக்கொண்டதும், இவ்வளவு பெரிய பொய் சொன்னவரை எதில் நம்புவது, என்னையும் கொல்லலாமே என்று பயந்து தனியாக லண்டனுக்கு ரயிலேறுகிறான்.

அந்த அப்பா கெட்டவர் இல்லை, சகோதரி. தனியாளாகச் சமைத்துப்போட்டு வளர்க்கிறவர். கட்டிப்பிடித்தால் மகனுக்குத் தாங்காது என்பதால், வலது கையை விசிறிபோல விரித்து நீட்டுவார். அவன் இடது கையை விரித்து நீட்டுவான். விரல்நுனிகள் மட்டும் தொட்டுக்கொள்ளும். அவர்களுக்கு அதுதான் அணைப்பு. பொய் வெளிப்பட்ட பிறகும் அவர் கையை நீட்டுகிறார். பையன் தொடவில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது.

உங்கள் மகனின் அஞ்சல் முத்திரை அந்தக் காலண்டர். அவன் பாதி கண்டுபிடித்துவிட்டான். மீதியை ஒரு நாவலின் வழியாக அவன் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

நீங்களும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். எப்போது பேசப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'அப்பாவுக்கு மனசு சரியில்லை', 'கொஞ்ச நாள் போகட்டும்' போன்ற பூசி மெழுகுகிற பேச்சு வேண்டாம். "அப்பா ஹைதராபாத்ல இல்ல. பெரியப்பா வீட்ல இருக்கார். நாங்க உன்கிட்ட பொய் சொன்னோம், அது தப்பு. காலண்டரைப் பார்த்து நீ கேட்டது சரியான கேள்வி." கடைசி வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். தான் பார்த்ததையே சந்தேகப்படும்படி நாம்தான் அவனைச் செய்திருக்கிறோம். அப்பா எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவார் என்று எழுதிக் கொடுங்கள், அது தவறவே கூடாது.

'உன்னால் இல்லை' என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாவலில் அம்மா தன் கடிதத்தில், மகனைச் சமாளிக்க முடியாமல் திணறியதை மறைக்காமல் எழுதியிருப்பார். அந்த இடம் வரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கெட்ட வார்த்தைகள் வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் போதும்.

ஒரு வேண்டுகோள். 'இவன் உன்னை மாதிரியே' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். கதையில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. கிறிஸ்டோபரைப் படைத்த விதத்தில் ஆட்டிசம் உள்ள வாசகர்கள் பலருக்கு மனக்குறை உண்டு. ஒத்துப்போகிறதா என்று உங்கள் மகனே சொல்லட்டும்.

புத்தகத்தைக் கொடுக்கும் நாளில் அவன் அப்பாவும் வீட்டில் இருக்கட்டும். முதல் அத்தியாயத்தின் எண் 1 இல்லை, 2. அடுத்தது 3, பிறகு 5, பிறகு 7. ஏன் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவனே கண்டுபிடித்து உங்களிடம் வருவான்.