டப்பாவின் பெயரை மாற்றினால் ரவை சேமியா ஆகாது

இந்த மாதக் கடிதங்களில் பாதி, டிவியோடு இணைக்கும் வீட்டு ரெக்கார்டருக்குள் வீடியோ ஏற்றுவது பற்றித்தான். கல்யாண சீசன் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

மகளின் கல்யாண வீடியோ 7 ஜிபி. 32 ஜிபி பென்டிரைவ் காலியாக இருந்தும் ஏற மறுக்கிறது. (செம்பூர் வாசகர்)

பென்டிரைவ் ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கும் பழைய முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எதை ரெக்கார்டர் ஏற்கும் என்பது கையேட்டில் இருக்கும். பென்டிரைவில் வேறு ஏதாவது இருந்தால் முதலில் பிரதி எடுங்கள்.

படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. (மாட்டுங்கா வாசகி)

ஒலி டிடிஎஸ் என்ற முறையில் பதிவாகியிருக்கும், எல்லாப் பெட்டிக்கும் அது புரியாது. ஒலியை மட்டும் ஏஏசி என்ற பொதுவான முறைக்கு மாற்றுங்கள், படத்தைத் தொடாதீர்கள்.

ஓடவில்லை. என்ன செய்யலாம்? (வாஷி வாசகர்)

எது ஐயா ஓடவில்லை? கோப்பா, ரெக்கார்டரா, வீட்டில் மின்சாரமா? மாடல் எண்ணோடு மறுபடி எழுதுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் சொன்னபடி கோப்பின் பெயரில் எம்கேவி என்பதை எம்பி4 என்று மாற்றினேன். அப்போதும் ஓடவில்லை. கடையில் கொடுத்து மாற்றலாமா? (முலுண்ட் வாசகர்)

மாதம் ஒருவராவது இதைச் செய்துவிட்டு எனக்கு எழுதுகிறார். 'ரவை' என்ற சீட்டைக் கிழித்துவிட்டு 'சேமியா' என்று ஒட்டினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? எம்கேவி, எம்பி4 இரண்டும் டப்பாக்கள். உள்ளே படத்தைச் சுருக்கியிருக்கும் முறை எச்.264 ஆ, எச்.265 ஆ என்று பாருங்கள். எச்.265 தரமே 2013இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ரெக்கார்டருக்கு அது புரிய வழியே இல்லை. (புது ஐபோனில் எடுத்த வீடியோ பழைய பெட்டியில் ஓடாததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.)

உள்ளே எச்.264 என்றால் டப்பாவை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் சில நிமிடங்களில் செய்துவிடும், படத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. எச்.265 என்றால் படத்தையே மறுபடி சுருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும்.

கடையா? மும்பை லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் என் பழைய வீடியோ கேமராவின் மினி டீவீ (DV) கேசட்டை ஒருமுறை கொடுத்தேன். ஒரு மணி நேரப் பதிவு, 13 ஜிபி வரவேண்டும். 700 எம்பி சிடி ஒன்றில் திணித்துத் தந்தார்கள். பாட்டியின் வைர மூக்குத்தி இருந்த இடத்தில் வெள்ளையாக நாலு சதுரம். கேசட்டை நான் தூக்கிப் போடாததால் பிழைத்தேன். மூலத்தை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள்.

செட்டாப் பாக்ஸில் பதிவு செய்த தொடரைக் கணினிக்கு மாற்ற முடியுமா? (சயான் வாசகி)

முடியாது. பூட்டிய பதிவு, அந்தப் பெட்டியில் மட்டுமே திறக்கும்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது. (காட்கோபர் வாசகர்)

சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். அப்போதும் கட்டம்தான் என்றால் பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதிய வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் 'ஃபார்மட் செய்யவா' என்றது. ஓகே அழுத்திவிட்டேன். அப்பாவின் சதாபிஷேக வீடியோ அதில்தான் இருந்தது. (டோம்பிவிலி வாசகர்)

உடனே கழற்றுங்கள். இனி அதில் எதையும் பதிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணைதான் அழிந்திருக்கும், உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். கணினியில் மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். மீண்டதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். பிரதி எடுத்தீர்களா என்று கேட்டுப் புண்ணைக் கிளற மாட்டேன்.

டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது, ரெக்கார்டர் கண்டுகொள்ளவில்லை. (தானே வாசகர்)

மின்சாரம் போதாமல் இருக்கலாம். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாக இணையுங்கள். அப்போதும் சத்தம் கேட்டால் டிஸ்க்கின் ஆயுசு முடிகிறது. இன்று ராத்திரியே பிரதி எடுத்துவிடுங்கள்.